கூடூரில் நின்ற ரயில்

பூந்தமல்லியிலிருந்து பட்டணம் போன கரி பஸ்ஸைப் பற்றிச் சொல்லாமல் எழுத்தாளர் ஜம்புலிங்கத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் போய், பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்த வாயுவில் வண்டியை ஓட்டிய காலம் அது. ஓட்டினார்கள் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். வேலப்பன்சாவடி மேடு வந்ததும் வண்டி நின்றுவிடும். டிரைவர் பஷீர் அகமது இறங்கிப் போய், பின்னாலிருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கரியை ஊதிவிடுவார். கரி சிவந்து இஞ்சினுக்கு உயிர் வருவதற்குள், ஆபீஸுக்குப் போகிற என்னைப் போன்றவர்களுக்கு அன்றைய வசவு நிச்சயமாகிவிடும்.

அந்த வசவை நாங்கள் முன்கூட்டியே கண்டக்டருக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். கண்டக்டர் ஜம்புலிங்கம் பாரிவாக்கத்துக்காரர். ஒல்லியான, பயந்த மனிதர். திட்டு தாங்காமல் ஒரு நாள், "கோவிச்சிக்காதீங்க, கரி புடிக்கிற வரைக்கும் ஒரு கத சொல்றேன்" என்று ஆரம்பித்தார். இலக்கிய ஆர்வம் எல்லாம் இல்லை. அடி விழாமல் தப்பிக்கத்தான் சொன்னார்.

கதை இதுதான். சின்னையன் என்று ஒருவன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போகிறான். அங்கே குண்டு விழுகிறது. கப்பலில் இடம் கிடைக்காதவர்களோடு சேர்ந்து ஊரை நோக்கி நடக்க ஆரம்பிக்கிறான். இங்கே பெண்டாட்டி காத்திருக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் ஜம்புலிங்கம் சொல்லும்போது அரக்கான் காட்டு அட்டை நம் காலில் ஏறும். சின்னையனோடு நடந்த ஒரு கிழவன் பாதையோரம் உட்கார்ந்து, "நீ போ, நான் கொஞ்ச நேரம் கழிச்சி வரேன்" என்று சொன்ன இடத்தில், டிக்கெட் எடுக்காமல் ஏமாற்றுவதையே தொழிலாக வைத்திருந்த ஒரு மாட்டுத் தரகர் தானாக முன்வந்து டிக்கெட் வாங்கினார்.

கூடையோடு பட்டணத்துப் பூக்கடைக்குப் போகும் முத்தம்மாள் எப்போதும் கண்டக்டர் பக்கத்து இருக்கையில் உட்காருவாள். அவளும் பாரிவாக்கம்தான். அவள் புருஷன் தங்கவேல் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன். குண்டு விழுந்த பிறகு அவனைப் பற்றிச் சேதி இல்லை. சின்னையன் யார் என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

"இன்னா கண்டக்டரே, அந்த ஆளு வருவானா, வர மாட்டானா? அத்த மட்டும் சொல்லிடு" என்பாள் முத்தம்மாள்.

"வந்துகினேதான் கீறான், இரு. நடுவுல ஆறு ஒண்ணு கீது. அத்த தாண்ட வாணாமா?" என்பார் ஜம்புலிங்கம்.

ஒரு நாள் புதுக் கரியின் மகிமையால் வண்டி மேட்டில் நிற்காமல் ஏறிவிட்டது. பஸ் முழுக்க முகங்கள் தொங்கிப்போயின. "யோவ் பாய், இன்னா அவசரம் உனுக்கு? வண்டிய நிறுத்தி ஒரு தபா ஊதிட்டுப் போ" என்று மாட்டுத் தரகர் கத்தினார். பஷீர் அகமது வண்டியை நிறுத்தினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தி, ஆபீஸுக்கு நேரமாகிறது என்று தெரிந்தும் உட்கார்ந்து நாங்கள் கதை கேட்டோம். ஓர் எழுத்தாளனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஜம்புலிங்கத்துக்கும் அப்போது தெரியவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

பஸ்ஸில் சொன்னதை அவர் வீட்டுக்குப் போய் எழுதியும் வைத்தார். அச்சுக்குக் கொடுப்பதென்றால் தாளின் ஒரு பக்கம்தான் எழுத வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கஞ்சிக்கில்லாத காலத்திலும் அவர் ஒரு பக்கம்தான் எழுதினார்.

முன் இருக்கையில் மணவாளன் வருவார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கிழவன் பாதையோரம் உட்கார்ந்த அன்று அவர் அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை நானே பார்த்தேன். அவர் பூவை நூலாய்வுக் கழகத்தின் செயலாளரும் கூட. அழுது முடித்ததும் ஜம்புலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இது பஸ்ஸில் போகிற பொருள் அல்ல. இது அச்சேற வேண்டும். கழகம் இருக்கிறது, நான் இருக்கிறேன். என்னை நம்புங்கள்" என்றார்.

கதை கேட்டு அழுத மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஜம்புலிங்கம் நம்பினார்.

கழகம் பூந்தமல்லியில் ஓர் அரிசி மண்டிக்கு மாடியில் இருந்தது. தலைவர் வீரராகவன், பென்ஷன் வாங்கும் டிப்டி தாசில்தார். ஜம்புலிங்கம் காக்கிச் சட்டையோடு போய்க் கதைக்கட்டை நீட்டினார். தலைவர் அதைத் தொடாமல் மேசையின் மூலையைக் காட்டினார்.

"உட்காரும். எழுத்தாளன் என்பவன் யார்?" என்று கேட்டார்.

"கத எயுதறவருங்க" என்றார் ஜம்புலிங்கம்.

"தவறு. எழுதுகிறவனெல்லாம் எழுத்தாளன் என்றால் பத்திர ஆபீஸில் எத்தனை பேர்? எவனை நாம் எழுத்தாளன் என்று சொல்கிறோமோ அவனே எழுத்தாளன். நாங்கள் சொல்லும் வரையில் நீர் கண்டக்டர். சொன்ன பிறகு நீர் வெற்றி பெற்றவர். இடையில் உமக்கு வேலை ஏதும் இல்லை. எல்லாம் எங்கள் வேலை."

அதோடு ஒரு விதியையும் சொன்னார். அரங்கேற்றத்துக்கு முன் நூலை வாய்மொழியாகச் சொல்லக் கூடாது. "வாயால் சொல்வது காற்றோடு போய்விடும். அச்சில் வந்தால்தான் அது உண்மை. உமது நூல் உண்மையாக வேண்டுமா, காற்றோடு போக வேண்டுமா?"

உண்மையாக வேண்டும் என்றுதான் எவனும் சொல்வான். ஜம்புலிங்கமும் சொன்னார். அப்போது பஸ் கதையில் சின்னையன் காட்டைத் தாண்டி, கல்கத்தா சேர்ந்து, மதராஸ் ரயிலில் ஏறியிருந்தான். ரயில் கூடூரில் தண்ணீர் பிடிக்க நின்றிருந்தது.

மறுநாள் வேலப்பன்சாவடி மேட்டில் வண்டி நின்றது. கண்டக்டர் டிக்கெட் கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா, ரயிலு கெளம்பிச்சா?" என்றாள் முத்தம்மாள்.

"இனிமே பஸ்ஸுல சொல்லக் கூடாதும்மா. பெரியவங்க சொல்லிட்டாங்க. புஸ்தகமா வருது."

"புஸ்தகமா வரட்டும். எனுக்கு இப்ப சொல்லு."

"வாயால சொல்றது காத்தோட பூடும்மா. அச்சுல வந்தாதான் நெஜம்" என்றார் ஜம்புலிங்கம். மாடியில் கேட்டதை அப்படியே சொன்னார். சொல்லும்போது கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தார்.

முத்தம்மாள் யோசித்தாள். "வாஸ்தவந்தான்" என்றாள். "ரேஷன் கடைக்காரன்கூட வாயால அரிசி கீதும்பான், போர்டுல எயுதலன்னா குடுக்க மாட்டான். சரி, அச்சுல வர்ற வரைக்கும் நான் காத்துகினு கீறேன். வருவான்னு எயுதிகீறியா, அத்த மட்டும் தலைய ஆட்டு."

விதிப்படி தலையை ஆட்டலாமா என்று தெரியாததால் ஜம்புலிங்கம் ஆட்டவில்லை.

பஷீர் அகமது கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "மாமே, ஊதறவன் நானு. கரி எப்ப புடிக்கும்னு எனுக்குத் தெரியும். இப்ப புடிச்சிகினு கீற நெருப்ப நீ அணைக்கிறே. அவ்ளோதான் சொல்லுவேன்."

அதற்குப் பிறகு மேட்டில் நின்ற நேரங்களில் நாங்கள் கண்டக்டரைப் பழையபடி திட்டினோம்.

கழகத்தின் வேலை ஆரம்பமாயிற்று. முதலில் சாற்றுக்கவி. நூலின் முகப்பில் பெரியவர்கள் பாடித் தரும் புகழ்ப்பாட்டு அது. சாற்றுக்கவி இல்லாத நூல் நெற்றியில் ஒன்றும் இடாத முகம் என்றார் மணவாளன். ஆகவே ஜம்புலிங்கம் வாராந்தர ஓய்வு நாட்களில் வித்துவான்களின் வீடுகளுக்கு நடந்தார். ஆவடியில் ஒருவர், அம்பத்தூரில் ஒருவர், திருவேற்காட்டில் அண்ணன் தம்பி இருவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. அந்த இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் அண்ணன் எத்தனை வெண்பா கொடுத்தார் என்று தம்பி கேட்டுத் தெரிந்துகொண்டு, அதைவிட ஒன்று அதிகம் கொடுத்தார். அண்ணனுக்குச் சேதி போயிற்று. ஜம்புலிங்கம் அந்தத் தெருவில் வெகு நாள் நடக்க வேண்டியிருந்தது.

ஆவடி வித்துவானிடம் அவர், கழகத்திலிருந்து வாங்கிக்கொண்டு போன கதைக்கட்டை நீட்டி, "படிச்சிப் பாத்துட்டு எயுதுங்க" என்று கேட்டுக்கொண்டார். வித்துவான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"படித்துவிட்டுப் பாடினால் அது விமரிசனம் ஆகிவிடும். பிறகு நடுநிலை என்ன ஆவது? நான் இதுவரை அறுபத்தெட்டு நூல்களுக்குச் சாற்றுக்கவி பாடியிருக்கிறேன். ஒன்றையும் படித்துக் களங்கப்படுத்தியதில்லை" என்றார். "நூல் எந்தத் தெய்வத்தின் மேல்?"

"தெய்வத்து மேல இல்லீங்க. ரங்கூனுக்குப் போன ஒரு ஆள் மேல."

"முருகன் என்று வைத்துக்கொள்கிறேன். ஓசை நன்றாக வரும்."

அம்பத்தூர்க்காரர் ஒரு ஜமீன்தார் இறந்தபோது பாடி, அந்தக் குடும்பம் கண்டுகொள்ளாததால் மிச்சமாகிப்போன பத்துப் பாட்டுகளை எடுத்துக் கொடுத்தார். அதில் ஜம்புலிங்கம் மறைந்துவிட்டதாகவும் ஈகைக்கு இனி யார் என்றும் வந்தது. இதைக் காட்டியபோது மணவாளன், "பெரியவர் வாக்கு, மாற்றக் கூடாது" என்றார். பிறகு சாற்றுக்கவிகளில் யாருடையது முதலில் வருவது என்று சண்டை வந்தது. தீர்த்துவைக்க ஒரு குழு அமைத்தார்கள். குழுவினர் ஒவ்வொருவரும் சாற்றுக்கவிகளைப் புகழ்ந்து ஒரு சாற்றுக்கவி பாடிச் சேர்த்தார்கள். தலைவர் தம் பங்குக்கு முன்னுரை எழுதினார். அதில் தாம் டிப்டி தாசில்தாராக இருந்தபோது ஜமாபந்தி நடத்திய விதத்தை விரிவாக விளக்கினார்.

அடுத்தது அவையடக்கம். நூலாசிரியன் தன்னைத் தாழ்த்திக்கொண்டு, சபை தன் பிழையைப் பொறுக்க வேண்டும் என்று எழுதித் தரும் பகுதி. இதை ஜம்புலிங்கமே எழுத வேண்டும் என்றார்கள். அவர் பணிவாக எழுதிக்கொண்டு போனார்: "எனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் மன்னிக்கவும்."

தலைவர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "தெரிந்ததை என்கிறீர். அப்படியானால் உமக்கு ஏதோ தெரியும். இதுவா அடக்கம்?"

ஜம்புலிங்கம், தமக்கு ஒன்றும் தெரியாது என்று திருத்தினார். "தப்பு இருந்தால்" என்பதில் தப்பு இல்லாமலும் இருக்கலாம் என்ற இறுமாப்பு தொனிப்பதாக ஓர் உறுப்பினர் கண்டுபிடித்தார். நூல் முழுதும் தப்பு என்று திருத்தினார். ஆசிரியர் தம்மை நாயினும் கடையவன் என்று சொல்லிக்கொள்வது மரபு என்றார்கள். அதையும் சேர்த்தார். பஸ்ஸில் பஷீர் அகமது அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அந்த நாயி இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று கேட்டார். கடைசியில் மணவாளனே பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, வாசகத்தைச் சொல்லச் சொல்ல ஜம்புலிங்கம் எழுதினார்: "அறிவிலியாகிய அடியேன் உளறிய இந்நூல் கற்றோர் கண்ணால் காணவும் தகாதது, எவரும் இதைப் படித்துக் காலத்தைப் போக்க வேண்டா என்று வேண்டுகிறேன்." கீழே கையெழுத்துப் போட்டார்.

"இப்படி எயுதினாத்தான் படிப்பாங்களா?" என்று கேட்டார்.

"இதுதான் மரபு. இதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்" என்றார் மணவாளன்.

அப்போதுதான் காகிதக் கட்டுப்பாடு இறுகியது. அச்சுக்கூடத்துக்குக் கிடைத்த காகிதம் முழு நூலுக்குப் போதாது என்று சேதி வந்தது. ஜம்புலிங்கம் மணவாளனைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கே ஓடினார். கழகம் கூடி முடிவு செய்யும் என்றும், கூட்டத்தில் ஜம்புலிங்கத்தின் பக்கம் பேசத் தாம் இருப்பதாகவும், கவலை வேண்டாம் என்றும் மணவாளன் சொன்னார். ஜம்புலிங்கம் நிம்மதியாகத் திரும்பி வந்து, சாற்றுக்கவியில் பாதியை எடுத்துவிடுவார்கள் போலிருக்கிறது, திருவேற்காட்டு அண்ணன் தம்பிக்கு மனசு நோகுமே என்று என்னிடம் வருத்தப்பட்டார். இப்படிப்பட்ட மனிதரை ஏமாற்றுவதற்கு ஒரு கழகம் எதற்கு என்று எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. ஓர் ஆள் போதும்.

அரங்கேற்றம் பூந்தமல்லியில் பந்தல் போட்டு நடந்தது. முத்தம்மாள் அன்று பூக்கடைக்குப் போகவில்லை. விற்பனைக்கு வாங்கிய பூவையெல்லாம் வைத்து உட்கார்ந்து ஒரு மாலை கட்டினாள். சம்பங்கியும் மருக்கொழுந்தும் வைத்துக் கட்டிய அந்த மாலையைப் பந்தலுக்கு வெளியிலேயே ஜம்புலிங்கத்திடம் கொடுத்துவிட்டு, "ரயிலு கெளம்பப் போவுது" என்று சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்து வெகு நாள் ஆகியிருந்தது. கூட்டத்தில் நிற்க அவளுக்குக் கூச்சம். விற்கிற இடத்தில் ஒரு புத்தகத்தை வாங்கிக் கூடைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தலைவர் மாலையை எடுத்து ஜம்புலிங்கத்துக்குப் போட்டார். புத்தகத்தைப் பட்டுத் துணியில் வைத்து நீட்டினார். ஜம்புலிங்கம் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தார். முதல் பக்கத்தில் தலைவர் படம் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அதைவிடச் சிறிதாகச் செயலாளர் படம். அவர் புரட்டிக்கொண்டே போவதை நான் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் மெதுவாகப் புரட்டினார். பிறகு வேகமாகப் புரட்டினார். கடைசிப் பக்கம் வந்ததும் திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

தலைவர் பேசினார்.

"இந்நூல் வெளிவருவதற்குக் கழகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. காகிதம் குறைந்தது. ஏதாவது ஒரு பகுதியை விட்டாக வேண்டும். சாற்றுக்கவிகளை விடுவதா? நாற்பத்தொரு பெரியவர்களை அவமதிப்பதா? முன்னுரையை விடுவதா? அதை எழுதியவன் நான். அது முடியாது. திகைத்து நின்றோம். அப்போது நம் செயலாளர் மணவாளன் எழுந்து, நூலாசிரியரே தீர்வு சொல்லியிருக்கிறார் என்றார். அவையடக்கத்தை எடுத்து வாசித்தார். இந்நூல் கண்ணால் காணவும் தகாதது, எவரும் படிக்க வேண்டா. ஆசிரியரே கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு அவர் விருப்பத்துக்கு மாறாக அக்கதையை அச்சிட நாங்கள் யார்? ஒருமனதாக விட்டுவிட்டோம். தம் நூலில் தமக்கென ஒரு வரியும் வைத்துக்கொள்ளாத இப்படியோர் ஆசிரியரைத் தமிழ்நாடு கண்டதில்லை. இதுவரை கண்டக்டராக இருந்தவரை இன்று முதல் நாம் எழுத்தாளர் என்று சொல்கிறோம். சொல்லிவிட்டோம். அவர் வெற்றி பெற்றுவிட்டார்."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஆவடி வித்துவான், தாம் களங்கப்படுத்தாமல் விட்ட நூலை இனி எவரும் களங்கப்படுத்த முடியாது என்று வாழ்த்தினார். ஜம்புலிங்கம் எழுந்து நிற்கப் பார்த்தார். மணவாளன் தோளை அழுத்தினார்.

"உட்காருங்கள். ஆசிரியர் தம் அரங்கேற்றத்தில் பேசுவது அடக்கம் அல்ல."

கூட்டம் கலைந்த பிறகு மாலையோடு நின்றுகொண்டிருந்த ஜம்புலிங்கத்தின் அருகில் நான் போனேன். அவர் மணவாளனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அயுதீங்களே சார்" என்றார். "அந்தக் கெயவன் உக்கார்ற எடத்துல அயுதீங்களே. நான் பாத்தேனே."

"அழுதேன். அதில் என்ன சந்தேகம்? ஆனால் அழுதவன் பஸ் பயணி. தீர்மானம் கொண்டுவந்தவன் செயலாளர். இரண்டையும் நீங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது." மணவாளன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். "இரண்டாம் பதிப்பு என்று ஒன்று வந்தால் கட்டாயம் கதையைச் சேர்ப்போம்."

"கட்டையாவது குடுத்துடுங்க."

"கைப்பிரதியா? அதன் பின்பக்கமெல்லாம் காலியாக இருந்தது. காகிதம் இல்லாத நேரத்தில் சாற்றுக்கவிகளுக்குப் புரூப் எடுக்க மிகவும் உதவியது. பார்த்த புரூப்பை அச்சுக்கூடத்தில் வைத்துக்கொள்வதில்லை. உங்கள் எழுத்து வீண்போகவில்லை, அதை நினைத்து நீங்கள் பெருமைப்பட வேண்டும்" என்றார்.

ஜம்புலிங்கம் திட்டத் தெரியாதவர். நான் திட்டினேன். கழகத்தில் அதைக் குறித்துக்கொண்டார்களா என்று தெரியாது.

மறுநாள் காலை வண்டி வேலப்பன்சாவடி மேட்டில் வழக்கம்போல் நின்றது. பஷீர் அகமது கரியை ஊதப் பின்னால் போனார். முத்தம்மாள் கூடைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்தாள். ஈரம் படாமல் வாழை இலையில் சுற்றி வைத்திருந்தாள். அதைப் பள்ளிக்கூட டீச்சர் வரலட்சுமியிடம் கொடுத்து, "படி கண்ணு, எல்லாருக்கும் கேக்கறாப்போல" என்றாள். ஜம்புலிங்கம் படிக்கட்டில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தடுத்திருக்கலாம். தடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வரலட்சுமி படித்தாள். அண்ணன் வெண்பா, தம்பி வெண்பா, முருகன் மேல் வைத்துப் பாடிய விருத்தம். முதலில் எல்லோருக்கும் பெருமையாக இருந்தது. "நம்ம கண்டக்டர இன்னாமா புகய்ந்துகீறாங்க பாரு" என்றார் மாட்டுத் தரகர். ஜமீன்தார் பாட்டு வந்தபோது, "யாரு செத்துட்டாங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கரி பிடித்துவிட்டது. பஷீர் அகமது வண்டியை எடுக்காமல் ஜன்னல் ஓரமாக வந்து நின்றார். வரலட்சுமிக்குத் தொண்டை கட்டியது. பாட்டுகளைத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசிப் பக்கத்துக்கு வந்து, "முற்றும்" என்று படித்துவிட்டு நிறுத்தினாள்.

"கத எங்க?" என்றார் தரகர்.

முத்தம்மாள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஜம்புலிங்கத்தின் பக்கம் திரும்பினாள்.

"கண்டக்டரே, போன மாசம் ரங்கூன்லேருந்து நடந்து வந்த ஆளு ஒருத்தன் ஊட்டாண்ட வந்தான். எங்கூட்டுக்காரரு வழியிலயே பூட்டாருன்னு சொன்னான். ஒரு மரத்தடியில உக்காந்தாராம், எந்திரிக்கலயாம். நான் தாலிய அவுக்கல. ஊர்ல எல்லாம் கேக்கறாங்க. நான் சொல்லிட்டேன், இவன் வாயாலதான சொல்றான், காத்தோட போறதுதான, அச்சுல வரட்டும், அப்பால பாக்கலாம்னு." அவள் புத்தகத்தை நீட்டினாள். "அச்சுல வந்துட்சே. சின்னையன் வந்துட்டானா?"

"வந்துட்டாம்மா" என்றார் ஜம்புலிங்கம்.

"எந்தப் பக்கத்துல கீது? காட்டு."

ஜம்புலிங்கம் புத்தகத்தை வாங்கவில்லை. டிக்கெட் பையைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "இதுல போடல. மோசம் பண்ணிட்டாங்கம்மா. நான் சொல்றேன் கேளு. கூடூர்லேருந்து ரயிலு கெளம்புது. சின்னையன் ஜன்னலாண்ட குந்திகினு கீறான். சூளூர்பேட்ட தாண்டுது…" அதே பழைய குரல்தான். பஸ்ஸில் ஒருவரும் அசையவில்லை. நானும் மறுபடி அந்த ரயிலில் ஏறிவிட்டேன்.

முத்தம்மாள் அவர் வாயின் முன்னால் கையை நீட்டித் தடுத்தாள். கோபமாக இல்லை.

"வாணாம் கண்டக்டரே. வாயால அந்த ஆளும்தான் சொன்னான். அச்சுல வந்தாதான் நெஜம்னு நீதான சொன்னே" என்றாள்.

முத்தம்மாள் புத்தகத்தை அதே வாழை இலையில் சுற்றி இருக்கையில் வைத்தாள். பூக்கடைக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. ஆனால் அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மேட்டிலேயே இறங்கி, வந்த வழியே பாரிவாக்கத்துக்கு நடந்தாள். திரும்பும்போது ஒரு கை கழுத்தில் தாலிக் கயிற்றைப் பிடித்திருந்தது.

பஷீர் அகமது இருக்கையில் ஏறி உட்கார்ந்து காத்திருந்தார். வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டியவர் கண்டக்டர். அவர் ஜன்னல் வழியாக, அவள் நடந்து போகிற பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்.